பிடியில் நின்ற மூன்று விரல்

ஹெவிவெயிட் ஆட்களை வைத்துத் தொழில் செய்பவனுக்குக் காஞ்சிபுரத்தில் இருக்கிற பெரிய கஷ்டம் ஷூதான். பதிமூன்றாம் நம்பர் எந்தக் கடையிலும் கிடைக்காது. சத்யராஜுக்கு நான் சென்னையில் ஆர்டர் கொடுத்து வாங்குவேன். ஆறு வருஷமாக அவனுடைய சாப்பாடு, ஷூ, எதிராளி எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எதிராளியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன் இன்ஸ்பெக்டர் சார், நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சிட்டிபாபு. குத்துச்சண்டை நடத்துகிறேன். அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் அவர்கள் விலையை வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேரும் ஒரு துண்டுக்கடியில் கையை விடுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. துண்டை எடுத்த பிறகு மாற்றிப் பேசுகிற பழக்கமும் கிடையாது. பரிசுப் பணத்தைப் பங்கு போடும்போது நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒருவனுக்குக் கொடுத்தது இன்னொருவனுக்குத் தெரிந்தால் வீண் மனஸ்தாபம். என்னிடம் வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

சத்யராஜ் தென்னிந்திய சாம்பியன். கார்த்திகையில் பட்டத்துக்குச் சண்டை வைக்க வேண்டியிருந்தது. ஒரு பட்டுக்கடைக்காரர் பத்து லட்சம் தருவதாகச் சொன்னார். சாம்பியனுக்கு ஆறு, எதிராளிக்கு நாலு என்று வைத்திருந்தேன். ஜெயித்தால் துபாயில் ஒரு சண்டை, அதற்கும் பேசியாகிவிட்டது. ஆனால் ஆவணியிலேயே சத்யராஜின் வலது தோள் போய்விட்டது. கையைத் தூக்கிச் சட்டை போட முடியாது. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். மிச்சம் இருந்தது அவனுடைய இடது கைக் குத்து ஒன்றுதான்.

ஆகவே இடது கைக் குத்தைத் தடுக்க முடியாத ஆளாகப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு மோசமாக இருக்கும். கல்யாணத்துக்கே பொருத்தம் பார்க்கிறோம், இதற்குப் பார்க்கக் கூடாதா? விக்ரம் என்று ஒருவன் வர ரெடியாக இருந்தான். அவன் அடித்தால் சத்யராஜ் மூன்றாவது ரவுண்டைத் தாண்டமாட்டான். தென்னேரி தேவசகாயம் என் பட்டியலில் கடைசி ஆள். இரண்டு தோளும் நன்றாக இருந்த காலத்திலேயே சத்யராஜைத் திணறடித்தவன். அவன் வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மரியாதைக்காகக் கூப்பிட்டேன். சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கிற என் ஆபீசுக்கு மனைவி பிரவீனாவோடு வந்தான். சண்டைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அதற்கு நாற்பது நாள் முன்பு பெங்களூரில் ஒரு சின்னப் போட்டியில் நாக் அவுட் ஆகியிருந்தான். அப்படி விழுந்தவன் மூன்று மாதம் மேடை ஏறக் கூடாது, தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆனால் அந்தப் போட்டி எங்கேயும் பதிவாகவில்லை.

"ஒடம்பு ஜம்முனு இருக்குதுண்ணா," என்றான். கூப்பிட்டதற்காகப் பேருக்குத் துண்டைப் போட்டேன்.

என் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தான். நாலு லட்சம் கேட்கிறான். என் சுண்டுவிரல் மட்டும் அவன் பிடியிலிருந்து நழுவியது. மறுபடி சேர்த்தான், மறுபடி நழுவியது. பிறகு அவன் முயலவில்லை. பிடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அவன் வலது கைக்கு என் விரல் இருப்பதும் தெரியவில்லை, இல்லாததும் தெரியவில்லை.

எத்தனையோ கைகளைப் பிடித்தவன் நான். பயந்த கை, பொய் சொல்கிற கை, குடித்த கை எல்லாம் தெரியும். இது வேறு. பெங்களூரில் வாங்கிய அடியில் தலைக்குள் ஏதோ ஆகியிருக்கிறது என்று அந்த நிமிஷமே புரிந்தது. வலது கை ஏறாவிட்டால் முகத்தின் வலது பக்கம் காவலில்லாமல் கிடக்கும். சத்யராஜின் இடது குத்து விழுகிற இடம் அதுதான். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது.

"சரிப்பா, முடிஞ்சிது," என்று துண்டை எடுத்தேன். ஒப்பந்தத் தாளில் மூன்று லட்சம் என்று எழுதினேன். தேவசகாயம் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"நாலுதானேண்ணா புடிச்சேன்?"

"மூணுதாம்பா புடிச்ச."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாக்குவாதம் செய்யவில்லை. துண்டுக்குள் முடிந்ததை மாற்றக் கூடாது என்று அவனுக்கும் தெரியும். இடது கையால் பேனாவை எடுத்து வலது கை விரல்களுக்குள் சொருகிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். மிச்சமான ஒரு லட்சம் எனக்கு வந்தது.

அவன் வண்டியை எடுக்கப் போனதும் பிரவீனா திரும்பி வந்தாள்.

"அண்ணா, இவருக்குக் கொஞ்ச நாளா சோறு பெசையசொல்ல கை நழுவிப் போவுதுண்ணா. தலவலின்னு வேற சொல்லிக்கினு இருக்கறாரு. ஒண்ணும் இல்லல்ல?"

"நரம்பு புடிச்சிக்கினு இருக்கும்மா. நல்லெண்ணெ காய்ச்சி உருவிவுடு, சரியா பூடும்."

அவள் நம்பினாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் அது போய்விட்டது.

ஸ்கேன் ரிப்போர்ட் அவனுடைய போன வருஷத்து ரிப்போர்ட்தான். தேதியை நான் மாற்றினேன். டாக்டர் கையெழுத்தும் நான் போட்டது. வேறு யாரையும் இதில் இழுக்க வேண்டாம். சத்யராஜிடம், "எடதுலயே அடிச்சிக்கினு இரு, அவன் வலது கை ஏறாது," என்று மட்டும் சொன்னேன். ஏன் ஏறாது என்று கேட்டான். சொன்னதைச் செய் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் சண்டை. சாயங்காலம் ரிசப்ஷனுக்காக மண்டபத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும். நாலாவது ரவுண்டுக்குள் இடது குத்து பத்துப் பதினைந்து விழுந்திருக்கும். தேவசகாயம் விழவில்லை. கை தொங்கிவிட்டது, கால் மட்டும் நின்றது. நிறுத்தட்டுமா என்பதுபோல நடுவர் என்னைப் பார்த்தார். முடிவு அவருடையதுதான், ஆனால் சம்பளம் கொடுப்பவன் நான். துபாய்க்காரர்கள் நாக் அவுட் வீடியோ கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பிரவீனா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். "போதும்ணா, நிறுத்தச் சொல்லுண்ணா. பணமே வேணாம்ணா."

"இன்னும் ஒரு நிமிஷம்தாம்மா," என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தேவசகாயம் விழுந்துவிட்டான்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். தலைக்குள் பழைய ரத்தக்கசிவு இருந்தது, சண்டைக்கு முன்னால் காட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். சத்யராஜ் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. வருத்தமாக இருக்கிறதா என்று நீங்கள் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது.

தேவசகாயத்தைக் கொன்றது நான்தான். கை போனது தெரிந்ததால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன். கை நன்றாக இருந்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னை ஏமாற்றுக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். பேசிய மூன்று லட்சத்தையும் பிரவீனா கையில் முழுதாகக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் செலவைக்கூட அதில் பிடித்துக்கொள்ளவில்லை.