பெட்டகச் சாவி என்னிடம்தான் இருந்தது

தாய்லாந்து, ஹுவா ஹின் காவல் நிலையம். பௌத்த ஆண்டு 2567 (கி.பி. 2024), ஏப்ரல் 24, காலை 10.20 மணி.

பெயர் சுமாலி போன்தோங், வயது 52, காலஞ்சென்ற டென்மார்க் நாட்டவர் ஹென்னிங் வெஸ்தர்கார் (74) என்பவரின் ~~மனைவி~~, குன்றடிச் சந்து, வீட்டு எண் 41/7. விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் ஹென்னிங்குடன் பதினாறு வருடங்கள் குடித்தனம் நடத்தினேன். ஒன்பது பிக்குகளுக்கு அன்னமிட்டு, பெரியவர்கள் மணிக்கட்டில் நூல் கட்டிய கல்யாணம். மாவட்ட அலுவலகத்தில் பதியவில்லை. கேட்டதற்கு, "நமக்குள்ள அந்தக் காகிதம் எதுக்கு சுமா?" என்றார். மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் காகிதம் இருந்தது. வெளிநாட்டவர்களுக்காக வக்கீல்கள் ஓட்டலில் நடத்தும் கூட்டத்துக்குப் போய்வந்து, இரண்டு நாட்டுக்கும் இரண்டு உயிலும், சாகும் தறுவாயில் எந்தெந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒரு பத்திரமும் எழுதினார்.

அதன் பிறகு அவற்றை வங்கிப் பெட்டகத்தில் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்து, "என்னை மெஷின்ல போட்டு இழுக்க விட்றாதே. சாவி உன்கிட்ட இருந்தா எல்லாமே உன்கிட்ட இருக்குன்னு அர்த்தம்" என்றார். நான் நம்பினேன்.

மார்ச் 16 காலை நாய்க்குச் சோறு வைக்கும்போது கீழே விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு, இனி நினைவு திரும்பாது என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, தொண்டையில் குழாய் இறக்கி மூச்சு மெஷினில் போட்டார். வேண்டாம் என்றேன். "நீங்க யாரும்மா அவருக்கு? கல்யாணப் பதிவு இருக்கா? இல்லேன்னா அவர் எழுதின பத்திரத்தையாவது கொண்டு வாங்க" என்றார்.

அதன் பிறகு சாவியுடன் வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண், "சாவி மட்டும் போதாதுக்கா. அவரே வந்து கையெழுத்துப் போட்டாத்தான் திறப்போம்" என்றாள். அவரால் எழுந்து வர முடிந்தால் எனக்கு அந்தப் பத்திரம் எதற்கு என்று கேட்டேன். கைகூப்பி அழகாக வழியனுப்பினாள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியார் டென்மார்க்கில் இருக்கும் அவர் தம்பி ஈவாருக்குப் போன் செய்தார்கள். பதினாறு வருடத்தில் ஒரு தரம்கூட எட்டிப்பார்க்காத அந்த மனிதர், "ஈஸ்டர் லீவு முடிஞ்சதும் வர்றேன். அதுவரைக்கும் எதையும் நிறுத்தாதீங்க" என்றாராம். கை தானாகத் துள்ளிக் குழாயைப் பிடுங்கிவிடும் என்று, நூல் கட்டிய அதே மணிக்கட்டைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 28 அன்று, அவர் வாயால் கேட்டதை நானே ஒரு தாளில் எழுதி, ஜனவரி மாதத் தேதி போட்டு, கட்டை அவிழ்த்து, அவருடைய வலது பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினேன். சாட்சிக் கையெழுத்து இரண்டையும் நானே போட்டேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. ஈரத்துணியால் விரலைத் துடைத்தேன். நகக்கண்ணில் கொஞ்சம் மை தங்கிவிட்டது. தாளை டாக்டரிடம் கொடுத்தேன். மறுநாள் மெஷினை எடுத்தார்கள். நாற்பது நிமிடம் தானாகவே மூச்சு விட்டுவிட்டு அடங்கினார். கையை நான் பிடித்திருந்தேன்.

அதன் பிறகு ஈவார் வந்தார், அந்தத் தாள் போலி என்று புகார் கொடுத்தார். நீதிமன்ற உத்தரவுப்படி பெட்டகம் திறக்கப்பட்டு, உள்ளே இருந்ததை இன்று சப்-இன்ஸ்பெக்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். மெஷின் வேண்டாம் என்று நான் எழுதியதையேதான் அவரும் எழுதியிருக்கிறார். தனக்காக முடிவெடுக்கும் உரிமை தம்பிக்கு. நாய்க்கு என்ன சோறு, எந்த மருந்து என்று ஒரு முழுப் பக்கம். எனக்கு ஒரு வரி: 'சுமாலி, வீட்டு வேலைக்கு இருப்பவர். சாவி இவரிடம் உள்ளது.'

திரும்ப வாசிக்கச் சொன்னேன். அதேதான் இருந்தது.

விரலை அழுத்தியது நான்தான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். இது யாரும் மிரட்டிச் சொல்லவைத்ததல்ல. எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும்: ஆரம்பத்தில் மனைவி என்று சொல்லியிருந்தேன். அவரே எழுதிவைத்துவிட்டதால், அந்தச் சொல்லை என் கையாலேயே அடித்துவிட்டேன்.

(ஒப்பம்) சுமாலி போன்தோங்
வீட்டு வேலை