சத்து மாத்திரை

எங்கள் வீட்டில் காலிங் பெல் கிடையாது, இன்ஸ்பெக்டர். வருபவர்கள் கதவைத் தட்டுவார்கள், நான் திறப்பேன். மருமகன் தன் புகாரில் அதையும் எழுதியிருப்பார்.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஒருநாள் அலுவலகத்தில் தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடித்தபோது மயங்கி விழுந்தாள். ரத்தச் சோதனை முடிவை வாங்க நான்தான் போனேன்.

"பரம்பரையா வர்ற இதயக் கோளாறு சார். திடீர்னு சத்தம் கேட்டா இதயம் நின்னுபோகலாம். தினமும் மாத்திரை போடணும், தலைமாட்டுல அலாரம் கூடாது. உங்க குடும்பத்துல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?" என்றார் டாக்டர்.

என் தம்பி முப்பத்தொரு வயதில், டெலிபோன் மணி கேட்டுக் கையை நீட்டியவன், அப்படியே போய்விட்டான்.

"இல்லை" என்றேன். எங்கள் குடும்பத்தில் நோயாளி என்று பெயரெடுத்தவர் யாரும் கிடையாது.

"என்னப்பா சொன்னாங்க?" என்று பெரியவள் கேட்டாள்.

"உடம்புல சத்து இல்லையாம். கொறிக்கிறதையே சாப்பாடுன்னு நெனச்சா அப்படித்தான்."

சிரித்தாள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு, நான்கு வருடம் தினமும் என் கையால் கொடுத்தேன். பெல்லைக் கழற்றினேன். எந்தத் தகப்பன் இவ்வளவு செய்வான்?

அவளுக்குக் கல்யாணம் பேச வந்தபோது சம்பந்தி, "உங்க பக்கம் இதயக் கோளாறு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "எங்கப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தார்" என்றேன். அது உண்மை.

கல்யாணம் முடிந்து கிளம்பும்போது நான் பெட்டியில் வைத்திருந்த மாத்திரை டப்பாவைப் பெரியவள் எடுத்து வெளியே வைத்தாள். "அங்க போயும் இதாப்பா? நான் என்ன கைக்குழந்தையா?" மருமகன் பக்கத்தில் நின்றிருந்தார். வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பார். அலுவலகத் தோழிகள் பரிசாகக் கொடுத்த அலாரம் கடிகாரத்தையும் அவர்தான் என்னிடம் நீட்டினார். வாங்கி, உடையாமல் புடவைக்குள் சுற்றி, நானே பெட்டியில் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை அது அடித்தது. மருமகன் எழுந்து நிறுத்தினார். அவள் எழவில்லை.

தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சின்னவளைச் சோதிக்கச் சொல்லி டாக்டர் மூன்று கடிதம் அனுப்பினார் என்கிறீர்கள். வந்தன. கிழித்துவிட்டேன். அவளுக்கு நல்ல இடம் ஒன்று அமைந்திருக்கிறது. அக்கா படியில் தவறி விழுந்து இறந்தாள் என்று அவளிடமும் அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். யாராவது விசாரித்து வந்தால், நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.