ஓடுதளத்தில் பொறுக்கிய கல்

ஓடுகிறேன். பின்னால் சைரன். தலைக்கு மேல் ட்ரோன். சைலன்சர் போன பைக் போலச் சத்தம். முனிரத்தினம் இன்னும் குனிந்தே இருக்கிறான்.

"வுட்டுட்டு ஓடியாடா!"

"இர்றா! ஒரே ஒரு துண்டு!"

வடக்கு எல்லையில் ஒரு விமானப்படைத் தளம். எல்லைக்கு முதலில் கிளம்பும் விமானம் அங்கிருந்துதான். விஜயபுரத்துக்காரர்கள் நாங்கள் இரண்டு பேரும் அங்கே கான்ட்ராக்ட் ஆட்கள். ஒரு கூழாங்கல் உள்ளே போனால் போதும், இன்ஜின் காலி. அதனால் குண்டு விழும்போதெல்லாம் ஓடுதளத்தில் வரிசையாக நடந்து, சிமெண்டுச் சில்லு, இரும்புத் துண்டு எல்லாவற்றையும் கையால் பொறுக்குவோம். ஊரில் வேர்க்கடலை பிடுங்கிய பிறகு மண்ணில் தங்கியதைப் பொறுக்குவோமே, அதே மாதிரி. முனிரத்தினம் ஒரு காயைக்கூட விடமாட்டான். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் அவனை அங்கேயே நிறுத்தியது.

ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தேன். ஒரு சீறல். பிறகு இடி. இடது காதில் 'ஙொய்' என்றது. இன்றுவரை நிற்கவில்லை.

எழுந்தேன். தண்ணீர் லாரி எரிந்தது, ஷெட்டின் கண்ணாடி நொறுங்கியிருந்தது. அவன் வாளி கவிழ்ந்து கிடந்தது. அவனிடம் என்னைப் போகவிடவில்லை.

"ரன்வே! ரன்வே!" அதிகாரி கத்துகிறார்.

மறுபடி குனிந்தோம். அவன் வாளியிலிருந்து சிதறியதை நானே பொறுக்கினேன். விமானங்கள் கிளம்பின. ஒரு கல்கூடத் தட்டவில்லை.

மாலையில் டிவி சொன்னது: நம் பக்கம் சேதம் எதுவும் இல்லை.

அவன் உடல் இருந்த பெட்டியோடு ஊர் வந்தேன். கூட வந்த கான்ட்ராக்டர் ஆள், "வேலையில் விபத்து, லாரி மோதிவிட்டது" என்றான். முனிரத்தினத்தின் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, எம்புள்ள லாரில அடிபட்டா செத்தான்? நீ கூடத்தான இருந்துக்கினு இருந்த? சொல்லேன்."

சொன்னேன். அவருக்குச் சொன்னால் போதுமா? குண்டில் செத்தான் என்று எழுதித்தரக் கேட்டு அலைந்தேன். புத்தூர், சித்தூர், திருப்பதி. பஸ் மாறி பஸ். ஒவ்வொரு ஆபீஸிலும் அதே தெலுங்கு: "அதி மா பரிதிலோக்கி ராது." எங்களுக்கு வராது, வேறு இடம் பார். எந்த இடம்? அதை யாரும் சொல்வதில்லை. விமானம் ஏறினால் போர். அது ஏறுவதற்குக் கல் பொறுக்கினால் விபத்தா?

அவர்கள் கணக்கில் சேதம் இல்லை. என் கணக்கை எழுதிவைக்கிறேன். ஒரு தண்ணீர் லாரி. ஷெட்டின் கண்ணாடி முழுவதும். என் இடது காது. முனிரத்தினம், விஜயபுரம். போரில் செத்தான்.