மடுவத்துச் சுவரில் ஒரு நல்ல வார்த்தை

கதை படிக்கிறவர்கள், படித்து முடித்ததும் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். இது என் சின்ன அபிப்பிராயம், ஐயா. ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். இங்கிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் வீரய்யா. வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று ஆள் பிரித்து அனுப்புவதும், எடுத்ததை நிறுப்பதும் என் வேலை. வேலையை விட்டால் எனக்கிருந்த ஒரே பைத்தியம் வானொலி நாடகம். தொண்ணூற்றேழில் 'கறுப்புப் பாலத்து வீடு' என்று ஒன்று போனது. மருமகள் மரகதத்தை மாமியார் நிலவறையில் வைத்துப் பூட்டுகிறாள். அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு வானொலியைத் திருகினால் கிரிக்கெட் வர்ணனை. நாடகம் அதோடு சரி. மரகதம் என்ன ஆனாளோ என்று நாங்கள் குடியிருக்கிற லயம் லயமாகக் கிடந்து தவித்தோம்.

பவுலின்தான் எங்களைக் காப்பாற்றினாள். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண். நாடகம் விட்ட இடத்திலிருந்து அவளே கதையை எழுத ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. சனிக்கிழமைதோறும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துச் சுவரில் ஓர் அத்தியாயம் ஒட்டுவாள். அதற்குக் கீழே ஒரு வெற்றுத்தாள், 'உங்கள் கருத்து' என்று தலைப்பு, நூலில் கட்டிய பென்சில். முதல் அத்தியாயத்திலேயே மரகதம் நிலவறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். நான் தராசை விட்டுவிட்டுக் கைதட்டினேன். கொழுந்துக்கூடையோடு நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை.

ஆனால் நம் சனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எழுத்துத் தெரிந்தவர்கள் சத்தமாக வாசிப்பார்கள், மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். தாளில் நான் எழுதிய 'அருமை' மட்டும் தனியாகக் கிடக்கும். ஒருநாள் பவுலின் என்னிடம் வந்தாள்.

"கங்காணியய்யா, யாருமே ஒண்ணும் எழுத மாட்டேங்கிறாங்க. புடிக்கலையோ என்னமோ. நிப்பாட்டிடலாம்னு இருக்கேன்."

மறுநாள் பெரட்டில் சொல்லிவிட்டேன்.

"மடுவத்துல கத படிக்கிறீங்கள்ல? படிச்சா நல்லதா ஒரு வார்த்த எழுதணும். எழுதுறவங்களுக்கு ஆத்தோரத்து மலை. எழுதாதவங்களுக்கு மேல்மலை."

ஆற்றோரம் சமதரை, கொழுந்து தளதளவென்று நிற்கும். மேல்மலை செங்குத்து, அட்டை, கொழுந்தும் கிடையாது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். இவ்வளவுதான் நான் செய்தது.

வந்து குவிந்தது பாருங்கள் கருத்து. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. 'மரகதம் வாழ்க' என்று தேர்தல் சுவர்போல எழுதினார்கள். 'மிக அருமை, எனக்கு முட்டிவலி, ஆத்தோரம் போடவும்' என்று ஒருத்தி. எழுதத் தெரியாதவர்கள் ரோஜாப்பூ வரைந்தார்கள், பெருவிரலை மையில் உருட்டி வைத்தார்கள். ஒரு வாரம் அத்தியாயத்தை ஒட்டுவதற்கு முன்பே மூன்று 'அருமை' வந்து உட்கார்ந்திருந்தது. பவுலினுக்கு முகமெல்லாம் பல். வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் எழுதினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை, ஐயா. கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஒரு பொம்பிளை மட்டும் பிடிவாதமாக எழுதாமல் இருந்தாள். மழை நாளில் மேல்மலைக்குப் போய்ச் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்தே 'ரொம்ப அருமை' என்று எழுதி அனுப்பினாள். மனம் வைத்தால் யாராலும் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்போதுதான் லெட்சுமி எழுதினாள். கொழுந்து எடுக்கிறவள், அதிகம் பேசமாட்டாள். தாள் நிறைய 'அருமை' இருக்க, நடுவில் இவள் எழுதியிருந்தாள்: 'மரகதம் இந்த வாரமும் அழுகிறாள். போன வாரமும் அழுதாள். எழுந்து எதையாவது செய்யட்டும்.'

பவுலின் அதை வாசித்தாள். தாளைச் சுவரிலிருந்து பிரித்து, மடித்து, எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை சுவர் வெறுமையாக இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூலி இல்லாமல் எழுதுகிற பிள்ளை. மனசு உடைந்துபோயிருப்பாள். ஒரு நல்ல வார்த்தை எழுதக் கை நோகுமா?

ஏழாம் நம்பர் மலையில் தேயிலைச் செடிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. அதைக் கொளுத்தும்வரை யாரும் போகக்கூடாது என்று செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் பாதையில் சிவப்புத்துணி கட்டி, என்னிடமும் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் போய் அந்தத் துணியை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு பெரட்டில் பெயர் கூப்பிட்டேன்.

"லெட்சுமி, இன்னைக்கு ஏழாம் நம்பர்."

"ஒத்தையாவா, கங்காணி?"

"கொழுந்து நெறைய நிக்குது. ஒனக்கே ஒனக்குத்தான்."

தண்டனை வரும் என்று பயந்திருப்பாள்போல. நல்ல மலை கிடைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டுதான் கூடையைத் தலையில் மாட்டினாள். கை வீங்கினால் கொஞ்ச நாளைக்குப் பென்சில் பிடிக்கமாட்டாள், அவ்வளவுதான் நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. போன வருசம் குளவி கொட்டிச் செத்த ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். தெரிந்துதான் அனுப்பினேன்.

காலை நிறுவைக்கு நான் மடுவத்துக்கு வந்தபோது பவுலின் பசைக்கிண்ணத்தோடு நின்றாள். கையில் புது அத்தியாயம்.

"லெட்சுமி அக்கா எங்கய்யா? அவங்கதான் இத மொதல்ல படிக்கணும்."

"அவ அப்புடி எழுதுனதுக்கு ஒனக்குக் கோவமில்லயா?"

"கோவமா? இத்தன பேர்ல கதைய நெசமா படிச்ச ஒரே ஆளு அவங்கதான், கங்காணியய்யா. அதுக்காகத்தான் ஒரு வாரம் ஒக்காந்து மாத்தி எழுதுனேன்."

ஒட்டியதும் வாசித்தேன். அழுகையைத் துடைத்துக்கொண்டு மரகதம் எழுந்து நிற்கிறாள், மாமியார் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்குகிறாள், வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறாள். எனக்குப் புல்லரித்தது. அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. நான் பாதியில் இருக்கும்போதே ஏழாம் நம்பர் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. பவுலின் பசைக்கையோடு ஓடினாள். நான் மீதியையும் வாசித்து, பென்சிலை எடுத்து 'அருமை' என்று எழுதிவிட்டுத்தான் போனேன். முதல் கருத்து என்னுடையது.

லெட்சுமி செத்த பிறகு பவுலின் ஒரு வரிகூட எழுதவில்லையாமே. நீங்கள்தான் சொன்னீர்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, ஐயா? என்னைப் பிடித்து இங்கே வைத்திருக்கிறீர்கள். நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல அங்கே அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்?