ஆறாவது குழி

மேஸ்திரி: குழிக்குள்ள மெதுவா இறங்குடி. ஓரத்துக் கல்லுல கால் வைக்காதே, அது ஆடுது.

மனைவி: எனக்குத் தெரியாதா? ஒரு மாசமா இந்தச் சரிவுல ஆட்டுக்குட்டி மாதிரி ஏறி இறங்கறது நானா, நீங்களா?

மேஸ்திரி: முட்டி வலி இல்லேன்னா நானே இறங்கியிருப்பேன்.

மனைவி: ஆமா... முட்டி.

மேஸ்திரி: இது ஒண்ணுதான் பாக்கி. கடப்பாரையால தட்டிப் பார்த்துட்டா நாளைக்கு ஆறு குழிக்கும் கான்கிரீட் போட்டுடலாம். கழுதைக்காரருக்கும் சொல்லியாச்சு. விடியறப்பவே பதினெட்டு கழுதை! சிமெண்டு, ஜல்லி, மணல், தண்ணி... ரோடே இல்லாத இடத்துல வீடு கட்டச் சொல்லி டீச்சரம்மாவுக்கு யார்தான் யோசனை குடுத்தாங்களோ.

மனைவி: அவங்களால வாங்க முடிஞ்சது இந்தப் பாறைதான். நேத்து புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு மூச்சு வாங்க மேல வந்து, சமையலறை எங்கேன்னு கேட்டாங்க. மூணாவது குழிக்கு மேலன்னு காட்டினேன்.

மேஸ்திரி: ம்.

மனைவி: இன்ஜினியர் இதையாவது வந்து பார்ப்பாரா?

மேஸ்திரி: அவருக்குப் பாதி மலையிலேயே தலை சுத்துது. "மேஸ்திரி தட்டிப் பார்த்துப் பாறைன்னா பாறைதான்"னு கீழேயே கையெழுத்துப் போட்டுடறாரு.

மனைவி: கணீர்னா பாறை. தொம்முன்னா உருட்டுக்கல், அடியில மண்ணு. இதானே?

மேஸ்திரி: அதேதான். உருட்டுக்கல் மேல தூணை நிறுத்தினா ரெண்டு மழை தாங்கும். மூணாவது மழைக்கு வீடே கீழே ரோட்டுக்குக் குடிபோயிடும்.

மனைவி: முன்னெல்லாம் நீங்களே சத்தத்தைக் கேட்டு நீங்களே சொல்லிடுவீங்க. இப்போ குழிக்குக் குழி, "உனக்கு என்ன தோணுது?"ன்னு என்னைக் கேக்கறீங்க.

மேஸ்திரி: உனக்கும் ஒரு மரியாதை குடுப்போம்னுதான்.

மனைவி: அடேயப்பா! கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழிச்சு... ஆனா மூணாவது குழிக்கு மட்டும் அந்த மரியாதை கிடைக்கலையே.

மேஸ்திரி: நீ தண்ணிக்குப் போயிட்டே. நானே இறங்கித் தட்டினேன். சுத்தமான பாறை.

மனைவி: முட்டிக்கு அன்னைக்கு லீவா?

மேஸ்திரி: வாயை மூடிட்டு வேலையப் பாரு.

மனைவி: சரி சரி... சாயங்காலம் உங்க தங்கச்சி வீட்டுக்கு வருதாம்.

மனைவி: ஏங்க... உங்க தங்கச்சி வருதாம்.

மனைவி: ஏங்க!

மேஸ்திரி: என்ன? குனிஞ்சுக்கிட்டே பேசினா எப்படிக் கேக்கும்? காத்து வேற அடிக்குது.

மனைவி: காத்தா? ஒரு இலைகூட அசையலையே.

மேஸ்திரி: குழிக்குள்ள இருக்கறவளுக்கு என்ன தெரியும்? மேல அடிக்குது.

மனைவி: அப்போ ஒண்ணு செய்யுங்க. பழையபடி முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க. மூணு அடி அடிக்கறேன். இந்தத் தடவை நீங்கதான் சொல்லணும்.

மேஸ்திரி: எதுக்குடி இந்த விளையாட்டெல்லாம்?

மனைவி: கடைசிக் குழி இல்லையா... ஆசையா இருக்கு. திரும்புங்க.

மேஸ்திரி: சரி, திரும்பிட்டேன். அடி.

மனைவி: ...

மனைவி: முடிஞ்சுது மேஸ்திரி.

மனைவி: மேஸ்திரி...

மேஸ்திரி: ஏய்! எதுக்குக் கல்லைத் தூக்கி எறியறே?

மனைவி: கூப்பிட்டேன், திரும்பலை. சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?

மேஸ்திரி: எப்படி இருந்துச்சுன்னா... மூணும் கணீர் கணீர்னு. சந்தேகமே வேண்டாம்.

மனைவி: உங்களுக்குப் பின்னால தார்ப்பாய் மேல என்ன கிடக்கு?

மேஸ்திரி: என்ன... கடப்பாரை.

மனைவி: நான் அதை எடுத்துக்கிட்டு இறங்கவே இல்லை.

மேஸ்திரி: அடிக்கவே இல்லையா நீ?

மனைவி: உட்காருங்க. ஓரத்துல நிக்காதீங்க.

மேஸ்திரி: எப்போலேர்ந்து தெரியும்?

மனைவி: ரெண்டாவது குழியிலேர்ந்து. என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. சின்ன வயசுலகூட அப்படிப் பார்த்ததில்லை.

மேஸ்திரி: பாறையில துளை போடற மெஷின்... அத்தனை வருஷம் கையில பிடிச்சது. பேச்சு ஓரளவு கேக்குது. இந்தக் கணீர்தான்... போயிடுச்சு. காது போனவனை மலைக்கு யார் கூப்பிடுவா?

மனைவி: ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. அதுக்காக அந்தப் புள்ள தூங்கப்போற வீட்டுல பொய் சொல்லலாமா?

மேஸ்திரி: அப்போ... மூணாவது குழி?

மனைவி: உருட்டுக்கல். நேத்து டீச்சரம்மா போனதும் இறங்கித் தட்டினேன். தொம்... தொம்...

மேஸ்திரி: ஐயையோ. கழுதையெல்லாம் விடிஞ்சா வந்துடுமே!

மனைவி: வராது. அஞ்சு நாள் கழிச்சு வந்தாப் போதும்னு கழுதைக்காரர்கிட்ட சொல்லியாச்சு. இன்ஜினியர்கிட்டயும் சொல்லிட்டேன். அதுவரைக்கும் மூணாவது குழியை இன்னும் தோண்டணும். இனிமே தட்டறதும் நான்தான், கேக்கறதும் நான்தான். அந்தக் கடப்பாரையை இப்படிக் குடுங்க.

மேஸ்திரி: இரு. இன்ஜினியர்கிட்ட என்னன்னு சொன்னே?

மனைவி: மூணாவது குழி மேல மேஸ்திரிக்கு மனசு சமாதானமாகலை, மறுபடி தட்டிப் பார்த்தாரு, சத்தம் சரியில்லேன்னுட்டாருன்னு சொன்னேன். "அந்தக் காது வேற யாருக்கு வரும்மா!"ன்னாரு.