நூல்கட்டிய பூவெழுத்து

விழாவுக்குத் தலைமை தாங்கும் வேலாயி அம்மையார் அவர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அக்கரப்பத்தனை மலையெங்குமிருந்து நடந்து வந்த தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

வாழ்த்திப் பேசத்தான் அழைத்தீர்கள். விழா நோட்டீசைப் பார்த்த நாள்முதல் எனக்கு வயிறு எரிகிறது!

இன்று நாம் புதுக்கூரையோடு திறப்பது பிள்ளைக்காம்பரா. நம் பெண்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். ஒழுகும் கூரையை மாற்றாமல் கூடை தூக்கமாட்டோம் என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரையின் முகத்துக்கு நேரே சொன்னவர் யார்? இதோ, இந்த வேலாயி அம்மையார்! "வேலைக்குப் போங்கடி" என்று அன்று விரட்டியவர் யார்? நம் பெரிய கங்காணியார்! வழக்கம் விடவில்லை, அவரையும் புரவலர் என்று போட்டோம். நோட்டீசில் என்ன நடந்தது? கங்காணியார் பெயர் பூவெழுத்தில்! தலையிலே சுருள், இடுப்பிலே கொடி, காலிலே வளைவு! தலைவியின் பெயரோ அடியிலே, எறும்பு ஊர்ந்ததுபோல!

யாரங்கே மெதுவாகப் பேசச் சொல்வது? கங்காணியார் வந்திருக்கிறாரா? வரட்டும், கேட்கட்டும்!

அட்டனுக்குப் போய் அச்சுக்கூட முதலாளியையே கேட்டேன். "பூவெழுத்து ஒரே செட்டுதாங்க இருக்கு. வருசா வருசம் திருவிழா நோட்டீசுல கங்காணியார் பேரு வரும். அதுனால அந்தப் பேருக்கு அடுக்கின எழுத்தப் பிரிக்காம நூலப் போட்டுக் கட்டியே வச்சிருக்கோம்" என்றார். அவிழ்த்தால் என்ன என்றேன். "கொழுந்து பறிக்கிற பொம்பள பேருக்காகவா?" என்றார். ஈய எழுத்தைக்கூடவா கட்டிப்போடுவீர்கள்?

மீனம்மா அக்காளை உங்களுக்குத் தெரியும். ஒழுகிய கூரையின் கீழே நனைந்து காய்ச்சலில் துடித்தது அவருடைய பிள்ளை. அவர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். நோட்டீசிலிருந்து அந்தப் பூவெழுத்தை மட்டும் வெட்டி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, சூடம் காட்டிக்கொண்டிருந்தார்!

"என்னங்கக்கா இது?"

"முருகன் பேருதான தம்பி? இம்புட்டு அழகா வேற யாருக்கு எழுதுவாங்க?"

சிரிக்காதீர்கள்! அது கங்காணியார் பெயர் என்ற உண்மையைச் சொன்னதும் அக்காள் வாய்விட்டு அழுதார். "இத மேடையில சொல்லு தம்பி" என்றார். சொல்கிறேன்! தன்னை விரட்டியவருக்கே சூடம் காட்ட வைத்தது எது? அக்காளுக்கு எழுத்து சொல்லித்தராத இந்தத் தோட்டம்! அழகான எழுத்தை ஒருவருக்கே கட்டிவைத்த அந்த நூல்!

என்னங்கம்மா சொல்றீங்க? தலைவி சொல்கிறார், "விடுங்க தம்பி, கூரை ஒழுகல, அது போதும்" என்று. போதாது அம்மா, போதாது!

அதோ, வாசலுக்கு மேலே வெறும் பலகை. அதன் கீழே பெயின்டர் அந்தோனிமுத்து. அவருடைய பிரஷை எவரும் நூல் போட்டுக் கட்டவில்லை! எழுதுங்கள் அண்ணே, வேலாயி என்று! சுருளோடு எழுதுங்கள், கொடியோடு எழுதுங்கள், ஊருக்கே தெரியும்படி எழுதுங்கள்! மீனம்மா அக்கா, முன்னால வாங்க. அவர் எழுத எழுத நான் சொல்கிறேன், நீங்கள் படியுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பெயின்ட் காயும்வரை யாரும் கலையாதீர்கள். வணக்கம்!