பென்சில் தடம் நீக்கும் முறை

ஐயா, பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அச்சுப் புத்தகத்தின் தாள் வெள்ளையாக இருப்பதில்லை. லேசான மஞ்சளாகவோ சாம்பலாகவோ இருக்கும். அதில் நாரும் தூசியும் பின்பக்கத்து மையின் நிழலும் கலந்திருக்கும். நம் கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஸ்கேனர் இருப்பதை உள்ளபடியே காட்டிவிடும்.

பகலில் ஒரு புகைப்படக் கடையில் வேலை செய்கிறேன். மாப்பிள்ளைகளின் பருவையும் பெண்களின் கருவளையத்தையும் அழிப்பதுதான் பிழைப்பு. மீதி நேரமெல்லாம் மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைக்கு. நாங்கள் நான்கு பேர், ஆசைக்காகச் செய்கிறவர்கள். ஜப்பானிய மொழி தெரிந்த மருந்துக்கடைக்காரர் மொழிபெயர்ப்பார். நான் பக்கங்களைச் சுத்தம் செய்து, பழைய எழுத்தை அழித்து, அழித்த இடத்தில் படத்தைத் திரும்ப வரைவேன். என் தங்கை பேச்சுக் குமிழிகளில் நம் எழுத்தைப் போடுவாள். நாலாவது ஆளைத்தான் நீங்கள் கேட்டீர்கள். புத்தகங்களை வைத்திருந்து, ஸ்கேன் செய்து அனுப்பியவர். நாங்கள் அவரை ஸ்கேன் அக்கா என்போம். ஒருவரும் நேரில் பார்த்ததில்லை.

ஒரு பாலம் கட்டும் குடும்பத்தின் கதை அது, பதினாறு தொகுதி. அச்சில் இல்லாமல் போய் வருஷக்கணக்காகிறது. முழுத் தொகுப்பும் எனக்குத் தெரிந்து அக்காவிடம் மட்டுமே இருந்தது.

நான் சேர்ந்தபோது பக்கங்கள் கண்கொண்டு பார்க்கும்படி இல்லை. ஒரே படத்தை, சேமிக்கச் சேமிக்கத் தரம் குறைகிற ஜேபெக் கோப்பாக ஐந்தாறு முறை சேமித்து, எழுத்தைச் சுற்றி அழுக்கு அப்பியிருக்கும். கறுப்பு சாம்பலாக வெளிறியிருக்கும். நான் சில விதிகளைக் கொண்டுவந்தேன். அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி, பிஎன்ஜி கோப்பு, சுருக்காமல் அப்படியே ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் நானூறு சதவீதம் பெரிதாக்கி, மூலைக்கு மூலை பார்ப்பேன். மருந்துக்கடைக்காரர் கேலி செய்வார்.

"தம்பி, நீ மனுசனுக்குப் பக்கம் போடுறியா, எறும்புக்குப் போடுறியா?"

பன்னிரண்டாம் தொகுதியில்தான் பென்சில் எழுத்து வந்தது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்று இடைவெளியில், மிகப் பொடியாக, மிக லேசாக. முழுப் பக்கமாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அந்தப் பக்கத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிற ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான். அக்கா அதைச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார். பழைய ஜேபெக் காலமாக இருந்திருந்தால் அந்த எழுத்து கரைந்தே போயிருக்கும். என் விதிகளால்தான் அது வந்து சேர்ந்தது. அதை நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அழித்தேன். இடைவெளி சுத்தமாக இருக்க வேண்டும்.

ஒரு முறை கவனம் பிசகி ஒரு பக்கம் அழிக்காமலே தங்கையிடம் போய்விட்டது.

"அண்ணா, இங்க வந்து பாரேன். ஓரத்துல ஏதோ எழுதியிருக்கு."

"பழைய புத்தகம். முன்னாடி வச்சிருந்தவங்க கிறுக்கியிருப்பாங்க."

"ஜப்பான் புத்தகத்துல நம்ம எழுத்துலயா? 'வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்'னு இருக்கு."

"கதையில வர்ற வரியா இருக்கும். யாராவது மொழிபெயர்த்துப் பாத்திருப்பாங்க."

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"கேட்டா, ஸ்கேன் சரியில்லன்னு குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். பாவம், சும்மா செஞ்சு குடுக்கறாங்க. நீ குமிழியப் பாரு."

அவள் நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள். இப்போது ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். அவளுக்கு எதுவும் தெரியாது. தயவுசெய்து அவளை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

பென்சிலில் என்னென்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். கணவர் வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிடுகிறார். அக்காவுக்கு விலா எலும்பு இரண்டு உடைந்து, வைத்தியம் பார்க்காமலே கூடியிருக்கிறது. வீட்டோடு கிடக்கிற வேலை என்பதால் ஸ்கேன் செய்வதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். கோப்பை ஏற்றும்போது பக்கத்திலேயே நிற்பார். முகவரி முழுதாக இருந்தது, மாடி எண் உட்பட. போலீசுக்குச் சொல்லுங்கள் என்று மூன்று பக்கத்தில் இருந்தது. படித்தவர் யாராவது இருந்தால், வெளியாகும் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில், கீழ் மூலையில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்.

நான் வைக்கவில்லை. யாருடைய குடும்ப விவகாரத்திலும் தலையிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அத்தோடு யோசித்துப் பாருங்கள். போலீஸ் வரும், அக்கா கையில் அகப்பட்ட துணியோடு கிளம்புவார். ஸ்கேனரும் புத்தகங்களும் அந்த வீட்டிலேயே கிடக்கும். பதிமூன்று முதல் பதினாறு வரை மிச்சம் இருந்தது. பாலம் பாதியில் நிற்கும்.

பதிமூன்றாம் தொகுதியின் நடுவே ஸ்கேன் வருவது மந்தமானது. வாரத்துக்கு நாற்பது பக்கம் அனுப்பியவர் ஆறு பக்கம் அனுப்பினார். அதுவும் கோணலாக. எனக்கு எரிச்சலாக இருந்தது. நம்பிக்கை விட்டுப்போன ஆள் கண்ணாடியில் தாளை நேராக வைக்க மாட்டார் என்று புரிந்தது. அதனால் அடுத்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில், கீழ் மூலையில், புள்ளியை வைத்தேன்.

பலன் உடனே தெரிந்தது. பக்கங்கள் நேராக வந்தன, தூசியில்லாமல் வந்தன. பதினான்காம் தொகுதி ஒரே மாதத்தில் முடிந்தது. 'படித்துவிட்டீர்கள். கடவுளே. காத்திருக்கிறேன்' என்று ஒரு இடைவெளியில் இருந்தது. அதையும் அழித்தேன். அடுத்தடுத்து, எப்போது வருவார்கள் என்று கேட்டிருந்தார். ஞாயிறு காலை கணவர் இரண்டு மணி நேரம் இருக்கமாட்டார் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நான் ஒரு புள்ளி வைத்தேன். ஐந்து மாதம் அப்படிப் போனது. பதினாறாம் தொகுதியின் கடைசிப் பக்கம் போன மாதம் மூன்றாம் தேதி வந்து சேர்ந்தது. அச்சுப் புத்தகத்தைவிட அழகாக இருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் கண் கலங்கினார்.

பிறகு அந்தக் கையேடு. வேறு குழுக்களில் இருப்பவர்கள், பக்கத்தை எப்படி இவ்வளவு சுத்தமாகக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆகவே எங்கள் பொதுப் பக்கத்தில் படம் போட்டு விளக்கினேன். தாளை வெளுப்பது, கறுப்பை ஆழமாக்குவது, நிழலுக்காகப் போடும் புள்ளிக்கோலத்தைக் கெடுக்காமல் படத்தைச் சிறிதாக்குவது, பென்சில் தடம் நீக்குவது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், நானூறு சதவீதத்தில். பென்சிலுக்குப் பதினைந்தாம் தொகுதியின் அறுபத்து மூன்றாம் பக்கத்தை எடுத்தேன். ஒரே நாளில் ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள்.

அவர் கணவரும் பார்ப்பார் என்று அப்போது தோன்றவில்லை என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். அது உண்மையில்லை. 'கணவர் என் போனிலிருந்து எல்லாவற்றையும் படிக்கிறார், பொதுப் பக்கத்தில் மட்டும் எதையும் போட்டுவிடாதீர்கள்' என்று அக்காவே எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் கடைசித் தொகுதி கைக்கு வரும்வரை கையேட்டைப் போடாமல் வைத்திருந்தேன். முந்திக்கொண்டு போட்டிருந்தால் ஸ்கேன் நின்றிருக்கும்.

நீங்கள் வீட்டுக்கு வந்து, மாடிப்படியில் வைத்தே, அக்கா இறந்துவிட்டார் என்று சொன்னீர்கள். எப்படி என்றும் சொன்னீர்கள். வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல கை. அப்படி ஸ்கேன் செய்கிற ஆள் இனிக் கிடைக்க மாட்டார்.

உதாரணத்துக்கு வேறு பக்கமே கிடைக்கவில்லையா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இருந்தது ஐயா, நிறைய இருந்தது. மற்றதிலெல்லாம் பென்சில் லேசாக இருந்தது. அறுபத்து மூன்றில்தான் அக்கா 'சீக்கிரம் வாருங்கள்' என்று தாள் குழிகிற மாதிரி அழுத்தி எழுதியிருந்தார். அழித்த பிறகு வித்தியாசம் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று நீங்களே பாருங்கள்.